மண்டபத்தில் மூன்று மணித்தியாலம், கட்டிலில் இரண்டு நாள்: ஓட்டிசம் உள்ள பெரியவர்கள் ஏன் எல்லை போடுகிறார்கள்

கொஞ்ச நாளாகப் போனைத் திறந்தால் முப்பது, நாற்பது வயது ஆக்கள் "எனக்கு ஓட்டிசம் இருக்கு" என்று சொல்லும் குட்டி வீடியோக்கள் வருகின்றன. பார்க்கிறவர்களுக்கு இரண்டு குழப்பம். அது சின்னப் பிள்ளைகளின் விஷயம் அல்லவா, வடிவாகக் கதைக்கிற, வேலைக்குப் போகிற, கலியாணம் கட்டின ஆளுக்கு எப்படி என்பது ஒன்று. அவர்கள் அடிக்கடி சொல்கிற "எல்லை போடுதல்", "சுய பராமரிப்பு" என்பதெல்லாம் என்ன, சொந்தபந்தத்தைத் தள்ளி வைப்பதற்கு ஒரு நாகரிகப் பெயரா என்பது மற்றது. இரண்டு கேள்வியும் நியாயமானவை. அடியிலிருந்து பார்த்துக்கொண்டு போவோம்.

## முதலில் ஓட்டிசம் என்ற சொல்

ஓட்டிசம் காய்ச்சல் மாதிரி வந்து மாறுகிற வருத்தம் இல்லை. மூளை வளர்கிற விதத்திலேயே உள்ள வேறுபாடு, பிறப்போடு வருவது, வாழ்நாள் முழுக்க இருப்பது. தமிழ்நாட்டில் மதியிறுக்கம் என்றும் எழுதுகிறார்கள். மதி இறுகிப்போனது என்ற பொருள் அதில் ஒட்டிக்கொண்டு வருவதால் எனக்கு அந்தச் சொல்லில் விருப்பமில்லை, நம் பக்கத்தில் புழங்குகிற ஓட்டிசம் என்பதையே வைத்துக்கொள்கிறேன்.

உலக சுகாதார ஸ்தாபனத்தின் 2021 கணக்கின்படி 127 பேரில் ஒருவருக்கு ஓட்டிசம் உண்டு. இலங்கையில் 18 முதல் 24 மாதப் பிள்ளைகளிடம் செய்து 2009 இல் வெளிவந்த ஆய்வு, 93 பிள்ளைகளுக்கு ஒருவர் என்று கண்டது. பிள்ளைகள் வளர்ந்து பெரியவர்கள் ஆகிறார்கள், ஓட்டிசமும் கூடவே வருகிறது. அப்படியென்றால் பெரியவர்களை ஏன் நாம் காணவில்லை?

காரணம் வரலாற்றில் இருக்கிறது. லியோ கானர் 1943 இல் 11 பிள்ளைகளை விவரித்து எழுதியதிலிருந்துதான் இது தனியான ஒன்றாக மருத்துவத்தில் அறியப்பட்டது. நன்றாகக் கதைக்கக்கூடிய ஆக்களைச் சேர்த்துக்கொள்ள அதற்குப் பிறகும் அரை நூற்றாண்டு எடுத்தது. அஸ்பேர்கர் என்ற பெயரில் அவர்கள் அமெரிக்க மனநலக் கையேட்டுக்குள் வந்தது 1994 இல். 2013 இல் வந்த ஐந்தாம் பதிப்பு எல்லாவற்றையும் ஒரே ஓட்டிசத்துக்குள் கொண்டுவந்தது. கூடவே ஒரு முக்கியமான விஷயத்தையும் சொன்னது: அறிகுறிகள் சின்ன வயதிலேயே இருந்தாலும், வாழ்க்கையின் சுமை தாங்கும் அளவைத் தாண்டும்வரை வெளியே தெரியாமல் இருக்கலாம், பழகிக்கொண்ட உத்திகளால் மறைந்தும் இருக்கலாம்.

இப்போது யாழ்ப்பாணத்தை நினைத்துப் பாருங்கள். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் இங்கே பள்ளிக்கூடம் போன பிள்ளை ஒன்று காதைப் பொத்திக்கொண்டு மூலையில் இருந்தால், ஷெல் பயம் என்றுதான் எல்லோரும் நினைத்திருப்பார்கள். பல பிள்ளைகளுக்கு அது ஷெல் பயமேதான். 1995 இடப்பெயர்வில் சனம் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினபோது, சட்டைத் தையல் உடம்பில் குத்துகிறது என்று அழுத பிள்ளையைப் பார்த்து யாருக்குச் சந்தேகம் வரும்? அந்தப் பிள்ளைகளுக்கு இப்போது நாற்பது வயது.

## ஒரு கலியாண மண்டபத்தைக் கிட்ட நின்று பார்ப்போம்

முப்பத்திரண்டு வயதுப் பெண் ஒருவரை எடுத்துக்கொள்வோம். கணக்காளர். ஓட்டிசம் இருப்பது தாய்க்கும் ஒரு சிநேகிதிக்கும் மட்டும் தெரியும். சனிக்கிழமை பெரியம்மாவின் மகளுக்குக் கலியாணம்.

ஒன்பதரைக்கு வாசலில் பன்னீர் முகத்தில் தெறிக்கிறது. உள்ளே நாதஸ்வரமும் தவிலும் ஒலிபெருக்கி வழியாக வருகின்றன. வீடியோக்காரரின் லைட் நேரே கண்ணுக்குள். சேலைக் கரை கழுத்தில் உரசுகிறது. மல்லிகைப்பூ, சாம்பிராணி, ஓமப் புகை, பின்பக்கச் சமையலின் தாளிப்பு, எல்லாம் ஒரே நேரத்தில் மூக்கில் ஏறுகின்றன. பக்கத்தில் இருக்கிற மாமி குனிந்து, "எப்ப பிள்ளை எங்களுக்குச் சாப்பாடு போடப்போறாய்?" என்று கேட்கிறார். காதில் விழுகிறது, ஆனால் தவில் சத்தத்துக்குள் இருந்து அந்தச் சொற்களைப் பிரித்தெடுக்க ஒன்றிரண்டு வினாடி பிடிக்கிறது, பதில் தேட இன்னும் கொஞ்சம், மாமியின் கண்ணைப் பார்க்கவேண்டும் என்று தனக்குத்தானே நினைவூட்ட இன்னும் கொஞ்சம். சிரித்துக்கொண்டே ஏதோ சொல்லிச் சமாளிக்கிறார். மாமிக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. கெட்டிமேளம் முழங்கும்போது முந்தானை நுனியை விரலில் இறுக்கிச் சுற்றிக்கொண்டு நிற்கிறார், விரல் நுனி வெளுத்துப்போகும் அளவுக்கு.

பன்னிரண்டரைக்கு வீடு வந்துவிட்டார். அன்று பின்னேரம் வாயைத் திறந்து ஒரு சொல் சொல்ல முடியவில்லை. தாய் தேத்தண்ணி வேணுமோ என்று கேட்டதற்குத் தலையாட்டினது மட்டும்தான். ஞாயிறு முழுக்க ஜன்னல் மூடிய அறை. திங்கட்கிழமை வேலைக்கு லீவு.

அந்த மூன்று மணித்தியாலத்துக்குள்ளும் அதற்குப் பிறகும் நடந்தவை இவை:

1. புலன் சுமை. பெரும்பாலான ஆக்களின் மூளை தேவையில்லாத சத்தத்தையும் வெளிச்சத்தையும் தானாகவே பின்னுக்குத் தள்ளிவிடும். ஓட்டிசம் உள்ள பலருக்கு அந்த வடிகட்டல் அப்படி நடப்பதில்லை, எல்லாமே ஒரே உரப்பில் உள்ளே வருகிறது. சிலருக்கு நேர்மாறாக, வலியோ சூடோ குறைவாகத் தெரியும். 2013 கையேடு இதை ஓட்டிசத்தின் அடையாளங்களில் ஒன்றாகவே சேர்த்துக்கொண்டது. ஆகவே இது சொகுசோ வீண் பிடிவாதமோ கிடையாது.

2. உடம்பின் உள் சமிக்ஞைகள். பசி, தாகம், களைப்பு, கோபம் எல்லாவற்றையும் உடம்பு உள்ளிருந்து சொல்லும். இந்தச் செய்தி பலருக்குப் பிந்தித்தான் வந்து சேர்கிறது. தன் உணர்ச்சி என்ன என்று அடையாளம் காண்பதில் உள்ள சிரமம் ஓட்டிசம் உள்ளவர்களில் ஏறக்குறைய பாதிப்பேருக்கு இருப்பதாக ஆய்வுகள் காட்டுகின்றன. மண்டபத்தில் அவர் "எனக்கு ஏலாமல் வருது" என்று சொல்லாததற்குக் காரணம் கூச்சம் மட்டுமே என்று நினைக்கவேண்டாம். அந்த நேரத்தில் அவருக்கே தெரியவில்லை.

3. ஷட்டவுன், மெல்ட்டவுன். சுமை எல்லை தாண்டும்போது சிலர் உள்ளே முடங்கிவிடுகிறார்கள், பேச்சும் அசைவும் குறைந்துபோகும். அது ஷட்டவுன். சிலர் அழுகையாக, கத்தலாக வெடிப்பார்கள், அது மெல்ட்டவுன். இரண்டும் விரும்பிச் செய்கிற காரியமில்லை. பெரியவர்களுக்கு முடங்குவது கூடுதலாக வீட்டுக்குள் நடப்பதால் வெளி ஆக்கள் காண்பதில்லை.

## நடிப்பின் விலை

அந்தப் பெண் மாமியோடு சிரித்துக் கதைத்தாரே, அதற்கு ஆங்கிலத்தில் மாஸ்கிங் என்ற பெயர், நம் வாயில் சொன்னால் மறைத்து நடித்தல். கண்ணைப் பார்க்கிறது, சிரிக்கவேண்டிய இடத்தில் சிரிக்கிறது, கையை ஆட்டாமல் அடக்குகிறது, கதைக்கப்போகிற வசனத்தை முதல்நாள் இரவே மனதுக்குள் ஒத்திகை பார்க்கிறது. பெண்பிள்ளைகள் இதைச் சின்ன வயதிலேயே பழகிவிடுகிறார்கள், "ஆக்கள் என்ன நினைப்பினம்" என்ற ஒரு வசனத்தைக் கேட்டே வளர்கிற வீடுகளில் இன்னும் வேகமாக.

இது வருடக்கணக்கில் தொடர்ந்தால் வருவது ஓட்டிசப் பேர்ன்அவுட். 2020 இல் டோரா ரேமேக்கரும் அவருடைய குழுவினரும் ஓட்டிசம் உள்ள பெரியவர்களிடமே கேட்டு இதை வரையறுத்தார்கள்: மூன்று மாதத்துக்கு மேலாக நீளும் களைப்பு, முன்பு செய்யக்கூடியதாக இருந்த காரியங்கள் கைவிட்டுப் போதல், சத்தம் வெளிச்சத்தைத் தாங்கும் சக்தி இன்னும் குறைதல். நேற்றுவரை தானே சமைத்த ஆளுக்கு இன்று ஒரு முட்டை பொரிக்க எதை முதலில் செய்வது என்று பிடிபடாது. மறைத்து நடிப்பதற்கும் தற்கொலை எண்ணத்துக்கும் தொடர்பு இருப்பதை 2018 இலேயே ஆய்வில் கண்டிருக்கிறார்கள். இந்த ஒரு காரணத்துக்காகவே எல்லை போடுவதைப் பற்றி நாம் பாரமாக எடுத்துக் கதைக்கவேண்டும்.

இதோடு ஒட்டிய இன்னொரு விஷயம். ஓட்டிசம் உள்ளவருக்கு மற்றவரை விளங்காது என்றுதான் நெடுங்காலம் சொல்லி வந்தார்கள். தானும் ஓட்டிசம் உள்ளவரான டேமியன் மில்டன் என்ற ஆய்வாளர் 2012 இல், விளங்காமை இரண்டு பக்கமும் இருக்கிறது என்று எழுதினார். மாமிக்கும் அந்தப் பெண்ணை விளங்கவில்லை. ஆனால் விளங்கிக்கொள்ள உழைத்தது ஒரு பக்கம் மட்டும்தான்.

## எல்லை என்றால் வேலி

யாழ்ப்பாணத்தில் பிறந்தவருக்கு எல்லையைப் பற்றிப் பாடம் எடுக்கத் தேவையில்லை. கதியால் நட்டு ஓலை வரிந்து வேலி அடைக்கிற ஊர் இது. வேலியில் படலை இருக்கும். பின்வளவில் அயலட்டை வந்துபோக ஒரு பொட்டும் இருக்கும், அதுவழியாகக் கறிச்சட்டி போகும், கீரைக்கட்டு வரும். ஓலை உக்கினால் திரும்ப அடைக்கவேண்டும். மனிதருக்கு இடையிலான எல்லையும் அப்படித்தான்: யார், எவ்வளவு நேரம், எந்த வழியாக உள்ளே வரலாம் என்பதை நானே சொல்லிவைக்கிறது.

இங்கே பலர் ஒரு பிழை விடுகிறார்கள். வெளிநாட்டு வீடியோவைப் பார்த்துவிட்டு "வரமாட்டேன்" என்று ஒரே சொல்லில் மறுக்கப் பார்க்கிறார்கள். நம் ஊரில் நல்லது கெட்டதுக்குப் போகிறது ஒரு கொடுக்கல் வாங்கல், உங்கள் வீட்டுச் செத்தவீட்டுக்கு வந்தவர் வீட்டுக்கு நீங்கள் போகாவிட்டால் அது பகையாகும், பிறகு அந்தப் பகையைச் சுமக்கிற களைப்பு வேறு. ஆகவே முழு மறுப்பைவிட அளவைச் சொல்கிற எல்லைதான் இங்கே நிற்கும் என்பது என் எண்ணம். வருவேன், இத்தனை மணிக்கு வருவேன், இந்த வேலை செய்வேன், இத்தனை மணிக்குப் போய்விடுவேன்.

காரணம் சொல்லும்போது ஒரு சொல் கைகொடுக்கும்: ஒத்துக்கொள்ளாது. இறால் ஒத்துக்கொள்ளாது என்று சொன்னவருக்கு யாழ்ப்பாணத்தில் யாரும் இறால் கறியை வற்புறுத்தி ஊட்டுவதில்லை. "எனக்குப் பெரிய சத்தம் ஒத்துக்கொள்ளாது" என்பதும் அதே மாதிரி உண்மையான வசனம். ஓட்டிசம் என்று எல்லோருக்கும் சொல்லவேண்டிய கட்டாயம் எதுவும் உங்களுக்கு இல்லை. தலையிடி என்று பொய் சொல்லித் தப்புவதைவிட இது நல்லது, பொய் சொன்னால் இரண்டு பனடோலைக் கையில் தந்து திரும்ப மண்டபத்துக்குள் இருத்திவிடுவார்கள், அடுத்தமுறைக்குப் புதுப்பொய் ஒன்று தேடவேண்டியும் வரும்.

## எங்கெங்கே, எப்படி

1. கலியாண வீடு. "பெரியம்மா, முதல்நாள் வீட்டை வந்து பலகாரம் சுட உங்களுக்கு உதவி செய்யிறன். கலியாணத்தண்டு தாலி கட்டுற நேரம் வந்து நிண்டிட்டுப் போறன், சாப்பாட்டுக்கு நிக்கமாட்டன், எனக்குச் சத்தம் ஒத்துக்கொள்ளாது." இதைக் கலியாணத்துக்கு ஒரு கிழமைக்கு முதலே சொல்லிவிடுங்கள். அந்த இடத்தில் நின்று, களைத்த மூளையோடு வசனம் தேடுவது மிகக் கடினம்.

2. செத்தவீடு. இதுதான் எல்லாவற்றிலும் கஷ்டமானது. கட்டிப்பிடித்து அழுகிறது, பறை, சனம், வெக்கை, எந்த முகபாவனை சரி என்று தெரியாத பதற்றம். தொடுகை ஒத்துக்கொள்ளாத ஒருவர் விலகி நின்றால் கல்நெஞ்சு என்று சொல்லிவிடுவார்கள், உள்ளே அவர் மற்றவர்களைவிடக் கூடவே உடைந்துபோயிருக்கலாம். இதற்கு நான் கண்ட வழி ஒரு வேலையைக் கையில் எடுப்பதுதான். தேத்தண்ணி ஆற்றுகிறது, கதிரை அடுக்குகிறது, வருகிறவர்களின் வாகனத்துக்கு இடம் காட்டுகிறது. கையில் தட்டு இருந்தால் யாரும் கட்டிப்பிடிக்க மாட்டார்கள், நின்று கதைக்கவும் தேவையில்லை, எப்போது வெளியே போகலாம் என்பதும் உங்கள் கையில். சனம் கூடுகிற நாளைத் தவிர்த்து, எட்டுச் செலவு முடிந்தபிறகு ஒரு பின்னேரம் தனியாகப் போய் அரை மணித்தியாலம் இருந்துவிட்டு வருவதும் மரியாதைதான், அந்த வீட்டுக்காரருக்கு அப்போதுதான் ஆள் தேவையாகவும் இருக்கும்.

3. வெளிநாட்டுச் சொந்தங்கள் வந்து தங்குவது. ஆடி ஆவணியில், நல்லூரின் 25 நாள் திருவிழாக் காலத்தில், வீடு நிறைந்துபோகும். முதலில் பறிபோவது தனியாக இருக்கிற மகனின், மகளின் அறை. "நீ ஹோலில பாய் போட்டுப் படு." கேட்க லேசான விஷயமாகத் தெரியும். ஓட்டிசம் உள்ள ஒருவருக்கு, கதவு மூடக்கூடிய அந்த அறைதான் மறுநாளுக்கு எழும்பி நடப்பதற்கான பலத்தைத் தருவது. எத்தனை விஷயத்தில் விட்டுக்கொடுத்தாலும் இந்த ஒன்றில் விட்டுக்கொடுக்க வேண்டாம். தேவையென்றால் பக்கத்தில் விடுதி எடுத்துக்கொடுப்பதற்கு உங்கள் காசைப் போடுங்கள்.

4. போன். சொல்லாமல் வருகிற கனடா வீடியோ அழைப்பு. எடுக்கிறதுக்கு முதல் ஒரு மெசேஜ் போடச் சொல்லுங்கள், அவ்வளவுதான்.

5. வேலை இடம். இலங்கை 2016 இல் ஏற்று உறுதிசெய்த மாற்றுத்திறனாளிகள் உரிமைக்கான ஐ.நா. சமவாயத்தில் நியாயமான வசதி செய்துகொடுத்தல் என்ற கோட்பாடு உண்டு, 1996 இன் 28 ஆம் இலக்கச் சட்டம் வேலைவாய்ப்பில் பாகுபாட்டைத் தடுக்கிறது. ஆனாலும் சின்ன ஒஃபிசுகளில் சட்டத்தை எடுத்துக் காட்டுவதைவிட, தேவையைக் குறிப்பாகக் கேட்பதுதான் வேலை செய்யும்: மேசையை வாசல் பக்கத்திலிருந்து மாற்றித் தரச்சொல்லிக் கேளுங்கள், வாயால் சொல்கிற வேலையை எழுதி அனுப்பச் சொல்லுங்கள், மத்தியானச் சாப்பாட்டைத் தனியாகச் சாப்பிடுவது கோபத்தினால் இல்லை என்று ஒருமுறை சொல்லிவையுங்கள்.

கோயில் ஸ்பீக்கரைப் பற்றியும் சொல்லவேண்டும். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்கு அனுமதி கொடுக்கக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2007 இல் உத்தரவிட்டிருக்கிறது, விசேட நாட்களுக்கு விலக்கு உண்டு. அயலில் ஒருவர் தனியாகப் போய் இதைச் சொன்னால் கடவுள் விரோதி ஆக்கிவிடுவார்கள். நித்திரை கெடுகிற நோயாளி, பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை உள்ள வீடுகளையும் சேர்த்துக்கொண்டு பரிபாலன சபையிடம் போங்கள், ஸ்பீக்கரின் வாயை வேறு பக்கம் திருப்பச் சொல்லிக் கேட்டாலே பாதிப் பிரச்சினை தீரும்.

ஒன்றை ஒளிக்காமல் சொல்லவேண்டும். எல்லோருக்கும் எல்லா எல்லையும் போட முடியாது. சம்பளமில்லாமல் பெற்றோரின் வீட்டில் இருக்கிற பெண்ணுக்கும், கைநீட்டுகிற புருஷனோடு இருக்கிறவருக்கும், ஒரு வசனம் தவறினாலே பெரிய ஆபத்து வரலாம். அப்படியான இடத்தில் முதலில் தேவைப்படுவது நம்பக்கூடிய ஒரு மூன்றாம் ஆள், வசனம் பிறகு.

## சுய பராமரிப்பு: பெரும்பாலும் சலிப்பான காரியங்கள்

சுய பராமரிப்பு என்றதும் மசாஜ், சுற்றுலா என்று மனம் போகும். ஓட்டிசம் உள்ளவருக்கு அது கிழமை முழுவதற்குமான ஒரு கணக்கு. சனிக்கிழமை கலியாணம் என்றால் வெள்ளி பின்னேரம் வேறு ஒன்றும் வைக்காமல், ஞாயிறைக் காலியாக விட்டு, அந்தக் காலியையும் கலியாணத்தின் ஒரு பகுதியாகவே எண்ணிக்கொள்வது.

பசியும் தாகமும் பிந்தித் தெரிகிறவர்கள் உடம்பு சொல்லும்வரை காத்திருக்காமல் மணியைப் பார்த்துச் சாப்பிடவேண்டும், போனில் அலாரம் வைத்துத் தண்ணீர் குடிக்கவேண்டும். தினமும் ஒரே புட்டும் சம்பலும்தான் இறங்கும் என்றால் அதுவே போகட்டும். மினிபஸ்ஸில் போகிற தூரத்துக்குப் பஞ்சுக் காதடைப்பான் கைப்பையில் இருக்கட்டும். காலாட்டுகிறது, முன்னும் பின்னும் அசைகிறது, ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்கிறது, இவற்றையெல்லாம் ஸ்டிம்மிங் என்பார்கள், நரம்பைத் தணிக்க உடம்பு தானே கண்டுபிடித்த வழி, அடக்கவேண்டாம். சிலருக்குக் கிணற்றடியில் நின்று வாளி வாளியாகத் தலையில் ஊற்றுகிற குளிப்பு, அந்த எடையும் குளிரும், ஒரு நாளையே மீட்டுத் தரும்.

பிடித்த விஷயத்துக்குள் மூழ்குவதும் இதில் சேரும். பழைய ரயில் நேர அட்டவணையோ, பறவைகளோ, முத்திரை சேர்ப்போ, அதற்குக் கொடுக்கிற இரண்டு மணித்தியாலத்தை வீண்பொழுது என்று வீட்டார் குறைக்கப் பார்ப்பார்கள். ஓட்டிசம் உள்ளவரின் கவனம் ஒரு தடத்தில் ஆழமாக ஓடுகிற கவனம், அந்த ஆழத்தில்தான் அவருக்கு ஓய்வும் கிடைக்கிறது.

## யாரிடம் போவது

பேர்ன்அவுட்டும் மனச்சோர்வும் வெளியே ஒரே மாதிரித் தெரியும். மனச்சோர்வுக்கு "வெளிய போ, ஆக்களோட பழகு" என்று சொல்கிற புத்திமதி பேர்ன்அவுட்டில் உள்ளவரை இன்னும் கீழே தள்ளலாம். போர் மனதில் விட்ட காயமும் சத்தத்துக்குத் திடுக்கிட வைக்கும். ஓட்டிசம் என்றால் அடையாளங்கள் மிகச் சின்ன வயதிலிருந்தே இருந்திருக்கும், காயம் என்றால் ஒரு சம்பவத்துக்குப் பிறகு தொடங்கியிருக்கும், இரண்டும் சேர்ந்தே இருக்கிறவர்களும் உண்டு. இதைப் பிரித்துப் பார்க்க மனநல வைத்தியர் தேவை. யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலும் மனநலப் பிரிவுகள் இருக்கின்றன, காசு கட்டத் தேவையில்லை. போகும்போது உங்கள் நாலைந்து வயதுக் காலத்தை நினைவுள்ள ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள், அல்லது அவர்களிடம் கேட்டு எழுதிக்கொண்டு போங்கள். ஓட்டிசத்துக்கு மருந்து கிடையாது, தேவையுமில்லை, கூட வருகிற பதற்றத்துக்கும் நித்திரையின்மைக்கும் சிகிச்சை உண்டு. சாகவேண்டும் என்ற எண்ணம் வந்தால் 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு உடனே அழையுங்கள்.

## வீட்டில் இருக்கிறவர்களுக்கு

மண்டபத்திலிருந்து அவர் பன்னிரண்டரைக்கு வரும்போது படலையைத் திறந்து விடுங்கள். ஆர் ஆர் வந்தவை, ஏன் முகம் இப்படிக் கிடக்குது, மாமி என்ன கேட்டவ என்ற கேள்வியெல்லாம் மறுநாள் பின்னேரம்வரை பொறுக்கும். ரிவியைக் குறைத்து, குசினியில் ஒரு போத்தல் தண்ணியும் மூடிவைத்த சாப்பாட்டுக் கோப்பையும் வைத்துவிட்டு, வைத்திருக்கிறேன் என்று ஒரு மெசேஜ் மட்டும் போடுங்கள். கதவைத் தட்ட வேண்டாம்.